மல்லி வெட்டாத குதிரை

பெங்களூரு
12 ஜனவரி 2024

ஃபரீ,

வாட்ஸ்அப்ல பிளாக். போன்ல பிளாக். உன் வீட்டுக்காரர் நிசார் பாய் நம்பருக்கு அடிச்சா, "தங்கச்சி, நான் இந்த ஆட்டத்துக்கு வரல"ன்னு சொல்லி வச்சுட்டார். சரி. தபால்காரரை பிளாக் பண்ண இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கல. அதனால எழுதறேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. உன் விஷயமா மெயில், போன், மெசேஜ் எதுலயும் வாய் திறக்கக்கூடாதுன்னு எங்க கம்பெனி வக்கீல் போன வாரம் உத்தரவு போட்டுட்டார். கடுதாசியைப் பத்தி மூச்சு விடல. அப்படி ஒண்ணு இன்னும் உலகத்துல இருக்குன்னே அவருக்குத் தெரியாதுபோல. நானும் ஞாபகப்படுத்தல.

மாநிலப் பெண்கள் ஆன்லைன் செஸ் லீக்ல உன்னை நிறுத்தி வச்ச சேதி எனக்கு வந்துடுச்சு. நீ இந்த சீசன்ல ஆடின எல்லா ஆட்டத்தையும் எடுத்து மல்லிகிட்ட கொடுத்துப் பார்த்திருக்காங்க. உன் ஆட்டத்தை வச்சு நான் செஞ்ச அதே செஸ் புரோகிராம் மல்லிகிட்ட. நீ எங்கெங்க காயை வச்சியோ, நூத்துக்குத் தொண்ணூறு இடத்துல அதுவும் அங்கதான் வைக்குது. நீ தப்பு பண்ண இடத்துல அதுவும் தப்பு பண்ணுது. உடனே, இந்தம்மா மல்லியைப் பக்கத்துல ஓடவிட்டு அதைப் பார்த்துப் பார்த்து ஆடியிருக்குன்னு முடிவு கட்டிட்டாங்க.

உனக்கு என் மேல ஏன் கோபம்னு எனக்குப் புரியுது. ஆனா இதுல இருந்து வெளிய வர ஒரு வழி இருக்கு. கத்தாம கேளு. "நான் மல்லிகூட நிறைய ஆடிப் பழகினேன், அதோட பழக்கம் எனக்கு ஒட்டிக்கிச்சு"ன்னு எழுதிக் கொடுத்துடு. அது தப்பு இல்ல. பயிற்சிதானே. எச்சரிக்கை கொடுத்து விட்டுடுவாங்க. ஸ்கூல்லயும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. என் கம்பெனியும் சும்மா இருக்கும்.

யோசிச்சுப் பாரு.

சோபனா


ஆம்பூர்
19 ஜனவரி 2024

சோபனா,

கடுதாசி வந்தது. "கையெழுத்துல கடுதாசியா! யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சாம்மா?"ன்னு போஸ்ட்மேன் நின்னு கேட்டார். "ஆமா, என் பேர் செத்துடுச்சு"ன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போய்ட்டார்.

என்ன புத்திடி உனக்கு? அதோட பழக்கம் எனக்கு ஒட்டிக்கிச்சா? இன்னா சொல்ற நீ? நான் அதுகிட்ட கத்துக்கிட்டேனா, அது என்கிட்ட கத்துக்கிச்சா? நீ எங்க வீட்டுக்கு வந்து, எங்க பிரியாணியைத் தின்னுக்கிட்டே, "ஃபரீ, உன் ஆட்டமெல்லாம் வேணும், ஒரு மிஷினுக்குக் கொடுக்கப் போறேன்"னு கேட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எட்டாங்கிளாஸ்ல இருந்து ஆடின ஒவ்வொரு ஆட்டத்தையும், நகர்த்தல் எழுதி வச்ச தாள்களைப் பார்த்து டைப் அடிச்சு அனுப்பினவ நான். நானாத்தான் கொடுத்தேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. இப்ப என்னையே அதோட எச்சில் தின்னவன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றியே, அதுக்குத்தான் வயிறு எரியுது.

அந்தத் தாள்களைக் காட்டலாம்னா அதுவும் இல்ல. 2021 வெள்ளத்துல பாலாறு வீட்டுக்குள்ள வந்தப்ப டிரங்குப் பெட்டியோட கூழாப் போச்சு. மாவட்டப் போட்டி ஆட்டங்களை யாரு கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காங்க? நான் அனுப்பினது உன்கிட்டதான் இருக்கு. அதையும் கம்பெனி பூட்டி வச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன்.

ஸ்கூல் கதையைக் கேளு. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ராஜம்மாள் மேடம் கூப்பிட்டு, "லீக் கமிட்டி முடிவு வர்ற வரைக்கும் லீவுல இருங்க ஃபரீதா, பேரன்ட்ஸ் கேக்கறாங்க"ன்னாங்க. பாவம், அவங்க நல்ல மாதிரிதான். ஆனா கேட்டைத் தாண்டும்போது என் செஸ் கிளாஸ் பொண்ணு ஒருத்தி பின்னாலயே ஓடி வந்தா. "மிஸ், நிஜமாவே பார்த்து அடிச்சீங்களா?"ன்னு கேட்டா. திட்டறதுக்குக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. நான் இல்லன்னு சொன்னேன். நம்பினாளான்னு தெரியல. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இந்த ஊர்ல செஸ் சொல்லிக்கொடுக்கிற பொம்பளை நான் ஒருத்திதான். அந்த வேலை போனா, நாளைக்கு வேற ஒருத்தி கேட்டு வந்தாலும் தரமாட்டாங்க. அது தெரியுதா உனக்கு?

ஒண்ணு பண்ணு. மல்லி ஃபரீதாவோட ஆட்டத்துல இருந்து செஞ்சதுன்னு கமிட்டிக்கு எழுது. அது மட்டும் போதும். புத்தி சொல்லாதே.

ஃபரீதா


பெங்களூரு
29 ஜனவரி 2024

ஃபரீ,

படிச்சேன். நான் சொன்னது கேவலமான யோசனைதான். மன்னிச்சுடு. பயத்துல எழுதிட்டேன். பயம் உனக்காக மட்டும்னு பொய் சொல்லமாட்டேன், என் வேலைக்காகவும்தான்.

நேத்து கமிட்டிக்கு எழுதிட்டேன். மல்லி முழுக்க முழுக்க உன் ஆட்டத்துல இருந்து வந்ததுன்னு, கையெழுத்து போட்டு, என் ஆதார் நகல் வச்சு அனுப்பியாச்சு. எங்க மேனேஜர் நவீன்குமாருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா குதிப்பார். ஏன்னா விளம்பரத்துல என்ன போட்டிருக்கோம்? "மல்லி எந்தத் தனி ஆளோட ஆட்டமும் இல்லை, லட்சக்கணக்கான ஆட்டங்களில் பிறந்தவள்." வீடு வாங்கற ஆளுக்குப் பக்கத்துல ஏரின்னு சொல்வாங்களே, அந்த மாதிரி.

நான் என்ன வேலை பார்க்கிறேன்னு எங்க அம்மாவுக்கே இன்னும் புரியல. "கம்ப்யூட்டருக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிற"ன்னு மாதனூர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கு. உனக்காவது சரியாச் சொல்றேன், கேளு. பலமா ஆடற இஞ்சின் ஊர்ல நூறு கிடக்கு. எந்த சாம்பியனையும் உரிச்சுடும். ஆனா அதுகூட ஆடறவங்க நாலு நாள்ல வெறுத்துப் போயிடறாங்க. சரி, பலத்தைக் கம்மி பண்ணிக் கொடுக்கலாம்னா, இருபது நகர்த்தல் மகராசியா ஆடிட்டு திடீர்னு ராணியைத் தூக்கிச் சும்மா கொடுத்துடும். எந்த மனுஷனும் அப்படித் தப்பு பண்ணமாட்டான். மனுஷனோட தப்புக்குப் பின்னால ஏதாவது இருக்கும். ஒரு பயம், ஒரு பேராசை, முன்ன வாங்கின அடி.

நான் முதல்ல எழுதின இஞ்சினுக்கு பாலாறுன்னு பேர் வச்சேன். பேருக்கு ஏத்த மாதிரியே வறண்டு கிடந்தது. அதுக்கு நானே தப்பு பண்ணச் சொல்லிக்கொடுத்தேன், பத்து நகர்த்தலுக்கு ஒரு தப்பு, இப்படி. எல்லாம் பொய்யாத் தெரிஞ்சது. தப்பைச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஒரு ஆளைப் பார்த்துத்தான் கத்துக்கணும்னு அப்பதான் மண்டையில ஏறிச்சு. உன் ஆட்டத்தைக் கொடுத்தேன். ஒரு மாசத்துல அது மூச்சு விட ஆரம்பிச்சது. பேர் வைக்கச் சொன்னாங்க. உன் பேர் வேணாம்னு நீயே சொல்லிட்ட. அதான் உங்க வீட்டு வாசல் மல்லிச் செடியோட பேரை வச்சேன். இன்னிக்கு எங்க கம்பெனியில ஜனங்க ஜாஸ்தி கூப்பிடறது மல்லியைத்தான். என் சம்பளம், என் பிளாட், எல்லாம் உன் தப்புல ஓடுது. சிரிக்காதே.

இன்னொரு விஷயம். உன் ஆட்டத்துலயும் மல்லி ஆட்டத்துலயும் மட்டும் இருக்கிற ஒரு அடையாளம் இருக்கு. கமிட்டி முக்கியமா அதைத்தான் பிடிச்சுத் தொங்கறாங்க. என்னன்னு கேக்காதே. சொல்லமாட்டேன். சொன்னா உனக்குத்தான் கெடுதல்.

சோபனா


ஆம்பூர்
8 பிப்ரவரி 2024

சோபனா,

கமிட்டிக்கு எழுதினதுக்கு தேங்க்ஸ். அதை மனசார சொல்றேன். இப்ப மீதியைச் சொல்றேன்.

என்கிட்ட இருக்கிற ஒண்ணு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அதை நீ எனக்கே சொல்லமாட்ட. நல்லா இருக்குடி நியாயம்! டாக்டர் மாதிரி பேசாதே. எனக்கு அது எவ்வளவு பேஜாரா இருக்கு தெரியுமா? ராத்திரி படுத்தா என்ன அடையாளம், என்ன அடையாளம்னு மண்டை குடையுது. "மூக்கைச் சொறிவியோ என்னமோ"ன்னு நிசார் சொல்றார்.

கமிட்டித் தலைவர் மூர்த்தி சார் போன் பண்ணினார். மரியாதையாத்தான் பேசினார். "தோஸ்த் சொல்ற சாட்சியை நாங்க எப்படிம்மா எடுத்துக்கிறது"ன்னார். அதனால ஒரு சோதனை வச்சிருக்காங்க. மார்ச் 23, வேலூர்ல ஒரு ஹால்ல, போன் கிடையாது, வாட்ச் கிடையாது, நாலு ஆட்டம் ஆடணும். அப்புறம் அந்த நாலையும் மல்லிகிட்ட கொடுத்துப் பார்ப்பாங்க. முன்ன மாதிரியே ஒத்துப்போனா, பக்கத்துல ஒண்ணும் இல்லாமலே நான் அப்படித்தான் ஆடறவன்னு அர்த்தம். விட்டுடுவாங்க. ஒத்துப்போகலைன்னா மூணு வருஷம் தடை. ஸ்கூல் வேலையும் அதோட முடிஞ்சுது. ஜெயிக்கணும்னு அவசியமே இல்லையாம். நான் நானா ஆடினா போதுமாம். கேக்க சுலபமாத்தான் இருக்கு.

அதுக்காக ஒரு காரியம் பண்ணேன். இத்தனை வருஷத்துல நான் மல்லிகூட ஒரு ஆட்டம்கூட ஆடினதில்ல. என் எதிர்ல நானே உக்காந்திருந்தா பிடிக்குமா? இப்ப நிசார் போன்ல இறக்கி ஒரு வாரமா ஆடறேன். பரவாயில்ல, நல்லாத்தான் செஞ்சிருக்க. குதிரையை ஓரத்துல கொண்டுபோய் வச்சுட்டு முழிக்கிறது அப்படியே நான்தான். வெக்கமா இருந்தது.

ஆனா உன் புரோகிராம்ல ஒரு பெரிய தப்பு இருக்கு, தெரியுமா? ராணி நிக்கிற வரிசையில ஒரு சிப்பாய் இருக்கு இல்ல, அது நேராத்தான் போகுது. எதையும் வெட்டமாட்டேங்குது. சிப்பாய் வெட்டணும்னா குறுக்கால பக்கத்து வரிசைக்குத்தானே போகணும்? அங்க போகவே மாட்டேங்குது. நான் வேணும்னே ஒரு குதிரையைக் கொண்டுபோய் அதோட வாயிலயே வச்சேன். சும்மா கிடைக்கிற குதிரை! அதை விட்டுட்டு ஒரு கட்டம் நேரா நகந்துச்சு. மூணு தடவ வச்சுப் பார்த்தேன், மூணு தடவையும் அதே கதை. மனுஷங்க யாராவது இப்படி ஒரு தப்பு பண்ணுவாங்களா? என் பேரைக் கெடுக்கறதுக்குன்னே எழுதினியா? முதல்ல அதைச் சரி பண்ணு.

ஃபரீதா


மாதனூர்
14 பிப்ரவரி 2024
(எழுதினது. தபால்ல போடல.)

ஃபரீ,

உன் கடுதாசியைப் படிச்சுட்டுச் சிரிச்சேன், அப்புறம் உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு.

அது என் புரோகிராம்ல இருக்கிற தப்பு இல்லடி. அது நீ. எட்டாங்கிளாஸ்ல இருந்து நீ. உன் ராணி வரிசைச் சிப்பாய் அந்த வரிசையை விட்டு நகரவே நகராது. குதிரை கிடைச்சாலும் சரி, யானையே கிடைச்சாலும் சரி, வெட்டாம நேரா போவ. அதனாலயே எத்தனையோ ஆட்டம் தோத்திருக்க. நான் அதை எழுதல. உன் ஆட்டத்தைப் பார்த்து மல்லி தானா கத்துக்கிச்சு. நான் கவனிச்சதே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். நீ ஏன் அப்படி ஆடறன்னு எத்தனை தடவையோ யோசிச்சுட்டேன், பிடிபடல. உன்னைக் கேட்டா நீ உஷாராயிடுவ, மல்லிக்கும் உனக்கும் ஒட்டாம போயிடும்னு கேக்கல.

கமிட்டி பிடிச்ச அடையாளம் அதுதான். இந்தக் கிறுக்குத்தனம் உலகத்துல வேற எந்த இஞ்சின்லயும் இல்ல, வேற எந்த மனுஷன்கிட்டயும் இல்ல, அப்ப இந்தம்மா மல்லியைப் பார்த்துத்தானே ஆடியிருக்கணும்னு சொல்றாங்க. நவீன்குமாரும் இதைத்தான் தப்புன்னு சொல்லி உடனே சரி பண்ணச் சொன்னார். முடியாதுன்னேன். கமிட்டிக்கு நான் எழுதினதும் அன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சது. வீட்டுக்குப் போய் இருங்க, சொல்லி அனுப்பறோம்னுட்டார்.

இப்ப நான் உன்கிட்ட உண்மையைச் சொன்னா, மார்ச் 23 அன்னிக்கு அந்தச் சிப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு இது ஞாபகம் வரும். வெட்டலாமா, வேண்டாமான்னு கை நிக்கும். வெட்டினா நீ மல்லி இல்ல, தடை. வேணும்னே வெட்டாம விட்டா அது நடிப்பு. உன்னால நடிக்க முடியாது, மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்.

சொல்லாம இருந்தா, நீ தோக்கப் போற தப்பைத் தெரிஞ்சே உன்னைப் பண்ண விடறேன்.

இதை அனுப்பமாட்டேன்னு தெரிஞ்சேதான் எழுதறேன்.


மாதனூர்
15 பிப்ரவரி 2024

ஃபரீ,

மேல ஊர்ப் பேரைப் பார்த்து முழிக்காதே. கம்பெனி என்னைக் கொஞ்ச நாள் வீட்ல உக்கார வச்சிருக்கு. வேலை போயிடுச்சாடின்னு எங்க அம்மா மணிக்கு ஒரு தடவ கேக்குது. காலையில ஷூ கம்பெனி பஸ் ஆரன் அடிச்சா, தெருவுல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் டிபன் பாக்ஸோட ஓடறாங்க, நான் மட்டும் பல்லு விளக்கிட்டு நிக்கறேன். "பாரு, அதுங்க எல்லாம் வேலைக்குப் போகுது"ன்னு எங்க அம்மாவோட கமென்ட்டரி வேற.

நீ இங்க இருந்து பஸ்ல இருபது நிமிஷம். ஆனா சோதனை முடியற வரைக்கும் நாம பார்க்கக்கூடாது. பார்த்தா, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்துட்டேன்னு பேச்சு வரும். அதனால இங்க இருந்தும் தபால்தான்.

மல்லியோட தப்பைப் பார்த்துச் சொன்னதுக்கு தேங்க்ஸ். நான் பார்க்கறேன். நீ இனிமே அதுகூட ஆடாதே. நிசார் பாய் போன்ல இருந்து அழிச்சுடு. புத்தகம் பார்க்காதே, புதுசா எதுவும் கத்துக்காதே. நோன்பு வரப்போகுது, சமோசா மாவு பிசை. அந்த நாள்ல நீ எப்பவும் ஆடற மாதிரியே ஆடு. தோத்தாலும் பரவாயில்ல.

அடையாளத்தைப் பத்திக் கேக்காதே. மார்ச் 23 தாண்டினதும் நானே சொல்றேன். என் மேல கோபம் இருந்தா அதையும் அதுக்கு அப்புறம் வச்சுக்க.

சோபனா


ஆம்பூர்
25 மார்ச் 2024

சோபனா,

முடிஞ்சுது. முடிவு அடுத்த வாரம் சொல்வாங்களாம்.

விடியறதுக்கு முன்னால ஸஹர் சாப்பிட்டுட்டு நிசார் பைக்ல கிளம்பினோம். ஹால் வாசல்ல மோகனான்னு ஒரு பெண் நடுவர், கையில மெட்டல் டிடெக்டர். புர்காவுக்கு மேல ஒரு தடவ ஓட்டினா. எதுவும் அடிக்கல. திரும்ப ஒரு தடவ ஓட்டினா. ஹேர்பின்னை எல்லாம் எடுத்து ஒரு டப்பாவுல போடச் சொன்னா. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா"ன்னா. நான் தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன். எதிர் ஆளுங்க ஹேர்பின்னோடயே உள்ள போனாங்க.

முதல் ஆட்டம் ஜெயிச்சேன். ரெண்டாவது டிரா. மூணாவது போச்சு. அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ரெண்டு நாளா அதே நினைப்பு. சேலத்துப் பொண்ணு ஒருத்தி எதிர்ல. சின்னப் பொண்ணு, பதட்டத்துல ஒரு குதிரையை என் சிப்பாயோட வாயில கொண்டுவந்து வச்சுட்டா. நான் பார்த்தேன். வெட்டலாம்தான். ஆனா வெட்டினா என் ராஜா பக்கம் திறந்துடும்னு பட்டது. அதனால சிப்பாயை ஒரு கட்டம் நேரா தள்ளினேன். அப்புறம் அந்தக் குதிரையே உள்ள புகுந்து எல்லாத்தையும் நாசம் பண்ணிடுச்சு. கை கொடுத்துட்டு எழுந்தேன். அந்தப் பொண்ணு நம்ப முடியாம என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

நாலாவது ஆட்டம் பாதியில நோன்பு திறக்கிற நேரம் வந்துடுச்சு. நான் ஒண்ணும் கேக்கல. மூர்த்தி சாரே எழுந்து வந்து கடிகாரத்தை நிறுத்தினார். ஒரு தட்டுல பேரீச்சம்பழமும் தண்ணியும் வச்சார். சந்தேகப்படறதும் அவர்தான், பழம் வைக்கிறதும் அவர்தான். அதை என்னன்னு சொல்றது? சாப்பிட்டுட்டு ஆடி அந்த ஆட்டத்தை ஜெயிச்சேன்.

நீ சொன்ன மாதிரிதான் ஆடினேன், எப்பவும் போல. அது போதுமான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். இப்பவாவது அந்த அடையாளம் என்னன்னு சொல்லு.

ஃபரீதா


மாதனூர்
4 ஏப்ரல் 2024

ஃபரீ,

உனக்கு மெயில் வந்திருக்கும். எனக்கும் ஒரு காப்பி வந்தது. குற்றச்சாட்டு ரத்து. நாலு ஆட்டமும் மல்லியோட அப்படியே ஒத்துப்போகுது, பக்கத்துல எந்தக் கருவியும் இல்லை, ஆகவே மல்லிதான் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்குன்னு எழுதியிருக்காங்க. அந்த வரியை எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அதைத்தானே அந்தப் பொண்ணு முதல்ல இருந்தே சொல்லுது"ன்னு கேட்டுச்சு.

இப்ப என் பாக்கி. இதுகூட ஒரு கடுதாசி வச்சிருக்கேன். பிப்ரவரி 14-ல எழுதினது. அதை முதல்ல படி. படிச்சுட்டு இங்க வா.

படிச்சியா? மூணாவது ஆட்டத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். குதிரையை வெட்டியிருந்தா உன் ராஜா பக்கம் ஒண்ணும் திறந்திருக்காது. அங்கயே ஜெயிச்சிருப்ப. நீ சொன்ன காரணம் நிஜமான காரணம் இல்ல. கை முதல்ல நகர்ந்துடுச்சு, மனசு அப்புறமா ஒரு காரணத்தைத் தேடிப் பிடிச்சது. மல்லிகிட்ட நீ பார்த்துத் திட்டின அதே தப்பை அதே மாதிரி பண்ணிட்டு, உனக்கே தெரியல. கமிட்டி உன்னை நம்பினதுக்கு அந்த ஒரு நகர்த்தல்தான் காரணம். அறிக்கையிலயே அதைச் சொல்லியிருக்காங்க.

நீ தோப்பேன்னு தெரிஞ்சே நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன்.

நவீன்குமார் போன் பண்ணினார், குரல்ல தேன் ஒழுகிச்சு. திரும்ப வரச் சொல்றார். ஆனா மல்லி ஒரு நிஜ ஆளோட ஆட்டம்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சுடுச்சு. அதனால இனிமே உன் சம்மதம் இல்லாம அதைத் தொட முடியாதுன்னு அதே வக்கீல் சொல்லிட்டாராம். ரெண்டு வழி இருக்கு. மல்லியை இப்படியே விடலாம். இல்லன்னா அந்தச் சிப்பாய்ப் பழக்கத்தை எடுத்துட்டு, சும்மா கிடைக்கிறதை வெட்டற மாதிரி பண்ணலாம். வாடிக்கையாளர்ல பாதிப் பேர் பண்ணுங்கன்னுதான் எழுதறாங்க. நீ சொல்றதுதான் முடிவு. நான் எந்தப் பக்கமும் பேசமாட்டேன்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஏன்டி? பத்து வருஷமா மனுஷங்க பண்ற தப்புக்குக் காரணம் தேடறதுதான் என் பிழைப்பு. இந்த ஒண்ணுக்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவே இல்ல.

சோபனா


ஆம்பூர்
15 ஏப்ரல் 2024

சோபா,

ரெண்டு கடுதாசியும் படிச்சேன். அன்னிக்குச் சோறு ஆக்கல. நிசார் ஹோட்டல்ல வாங்கிட்டு வந்தார்.

கோபம் இருக்கு, அதை மறைக்கமாட்டேன். நீ சொல்லாம இருந்தது சரிதான்னு எனக்கே தெரியுது, ஆனாலும் கோபம் வருது. அந்தச் சேலத்துப் பொண்ணு முன்னால தோத்துட்டு எழுந்தேனே, அப்ப நீ மாதனூர்ல உக்காந்து தெரிஞ்சே காத்துக்கிட்டு இருந்திருக்க. இது போகக் கொஞ்ச நாள் ஆகும். போயிடும்.

நீ கேட்ட காரணம் கிடைச்சுடுச்சு. எனக்கும் தெரியல, அம்மிதான், எங்க அம்மாதான் சொன்னாங்க. பெருநாளைக்கு அம்மி வீட்டுக்குப் போயிருந்தேன். பிரியாணிக்கு அப்புறம் எல்லாரும் சாய்ஞ்சு கிடந்தப்ப, சும்மா இந்தக் கதையைச் சொன்னேன். சிப்பாய், குதிரை, வெட்டாம விட்டது, எல்லாம். அம்மியோட தங்கச்சி ஃபிர்தௌஸ் காலா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அம்மி சிரிக்கல. "வெட்டாம விட்டது சரிதானே? துல்ஹனை வேற தெருவுக்கு எதுக்கு அனுப்பணும்?"னு கேட்டாங்க.

அப்பதான் எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. எங்க வீட்டுப் பொம்பளைங்க ஆடற ஆட்டம் ஒண்ணு இருக்குடி. வீட்டு ஆட்டம்னே சொல்வோம். அப்பா மண்டியில இருந்து கொண்டுவந்த தோல் துண்டுல கட்டம் போட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மியும் காலாக்களும் சண்டை போட்டு ஆடுவாங்க. அதுல சட்டம் வேற. உங்க ஆட்டத்துல சிப்பாய் எந்த வரிசையில கடைசிக்குப் போனாலும் ராணி ஆயிடும். எங்க ஆட்டத்துல எந்த வரிசையில போய்ச் சேருதோ, அந்த வரிசைக் காய்தான் ஆகும். யானை வரிசையில போனா யானை, குதிரை வரிசையில போனா குதிரை. வஜீர் வரிசையில போனா மட்டும்தான் வஜீர், நீங்க சொல்ற ராணி. அதனால அந்த வரிசையில நிக்கிற சிப்பாய்க்கு அம்மி வச்ச பேர் துல்ஹன், கல்யாணப் பொண்ணு. எதையாவது வெட்டறேன்னு அது பக்கத்து வரிசைக்குப் போனா அவ்வளவுதான், காலம் பூரா வஜீர் ஆக முடியாது. நான் சின்ன வயசுல ஒரு தடவ அப்படி வெட்டப் போய், அம்மி என் கையைத் தட்டிவிட்டது இப்பவும் ஞாபகம் இருக்கு.

உன்னோட ஆட்டத்தை ஸ்கூல்ல சேர்ந்து கத்துக்கிட்டேன். புது சட்டம் எல்லாம் மண்டைக்குத் தெரியும். கைக்கு மட்டும் யாரும் சொல்லல போலிருக்கு. இதுதான்டி உன் காரணம். பேராசையும் இல்ல, பயமும் இல்ல. உன் சம்பளத்துல பாதியை அம்மிக்கு அனுப்பிவை.

அம்மிகிட்ட நிசார் போனைக் கொடுத்து மல்லிகூட ஆடச் சொன்னேன். (அழிக்கல. நீ சொன்னா கேட்டுடுவேனா?) கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் ஆடினாங்க. மல்லியோட துல்ஹன் வாயில குதிரையைக் கொண்டுபோய் வச்சாங்க. அது வெட்டாம நேரா போச்சு. அம்மி போனைத் தடவிக் கொடுத்துட்டு, "யாரு வீட்டுப் பொண்ணு இது? ஒழுங்கா வளர்த்திருக்காங்க"ன்னாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். எனக்கு மட்டும் அழுகையும் வந்தது. அப்புறம் அம்மி மல்லியைத் தோக்கடிச்சாங்க.

போன திங்கள்ல இருந்து ஸ்கூலுக்குப் போறேன். ராஜம்மாள் மேடம் கேட்டுக்கே வந்து நின்னாங்க. எட்டாம் தேதி சாயங்காலம் பொண்ணுங்களோட ஆடும்போது, என் துல்ஹன் வாயில ஒருத்தி குதிரையை வச்சுட்டா. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் வெட்டினேன். "மிஸ், இன்னிக்கு வெட்டிட்டீங்க!"ன்னு அந்தப் பொண்ணு கத்தினா. அவங்களுக்கெல்லாம் எப்பவோ தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் சொல்லல. சோதனைக்கு முன்னால சொல்லித் தொலைச்சிருந்தா என் கதி என்னன்னு நினைச்சுப் பார்த்தேன்.

இனிமே நான் மல்லி மாதிரி ஆடமாட்டேன்னு நினைக்கிறேன். தெரிஞ்சு போன பிறகு அது வரல. அடுத்த லீக்ல பெரிய பெரிய ஆளுங்களையெல்லாம் அடிக்கணும்னு ஆசை இருக்கு. அதுக்கு நான் மாறித்தான் ஆகணும்.

உன் வக்கீல் அனுப்பின சம்மதத் தாள்ல கையெழுத்து போட்டு இதுகூட வச்சிருக்கேன். கீழ ஒரு வரி கையால சேர்த்திருக்கேன். அந்த வரியை அடிச்சுட்டா சம்மதம் செல்லாதுன்னு நவீன்குமார்கிட்ட சொல்லிடு. பிளாக்கையும் எடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிடு.

நான் சேர்த்த வரி இதுதான்: குதிரையை இனிமே நான் வெட்டிக்கிறேன். மல்லி வெட்ட வேண்டாம்.

ஃபரீதா